டி7200-இலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா? பறவை, நாட்டிய மேடை, தேர்த் திருவிழா மூன்றுக்கும் ஒரே பாடி வேண்டும்

வேளச்சேரி வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, உள்ளே கண்ணாடி இருக்கும் டிஎஸ்எல்ஆர். மாற நினைப்பது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு. கூடவே 18-140 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 டி (ஃபோகஸ் மோட்டார் உள்ளே இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை), தூரப் பறவைக்கு 200-500 எஃப் 5.6, ஒரு எஸ்பி-700 ஃபிளாஷ். வாரக்கடைசி காலையில் பள்ளிக்கரணை அல்லது பெரும்பாக்கம் ஏரி, சீசனில் வேடந்தாங்கலும் பழவேற்காடும். மார்கழி வந்தால் தெரிந்த ஒரு நாட்டியப் பள்ளிக்கு மேடையில் படம் எடுத்துத் தருவேன். பங்குனியில் மயிலாப்பூர் தேரும் அறுபத்துமூவரும் விடுவதில்லை. வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும் கேமராவோடு நிற்பது நான்தான்.

கேமரா நன்றாகத்தான் வேலை செய்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. சம்புப் புல்லுக்குள் நீலத்தாழைக்கோழி நின்றால் ஃபோகஸ் புல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. தகைவிலான், ஆலா மாதிரி திசை மாற்றிப் பறப்பவை வந்தால் நடுப் புள்ளியில் பிடித்து வைப்பதற்குள் போய்விடுகின்றன. இரண்டாவது, மேடையில் பதம் (அபிநயத்துக்கான மெதுவான பாட்டு) ஆடும்போது சபா அமைதியாக இருக்கும், அப்போது என் ஷட்டர் சத்தம் கேட்டு முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மூன்றாவது, மாட வீதிக் கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க முடியும். டி7200-இல் திரை திரும்பாது, லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ் ஆடி ஆடி நிற்பதற்குள் பல்லக்கு கடந்துவிடும்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, இப்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மாறிவிடுங்கள் என்றார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு மனசு ஆறவில்லை, அதிலும் 200-500-க்குச் சொன்னது. ஒரு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா), பழைய லென்ஸை அதில் மாட்ட ஒரு அடாப்டரும் வாங்கும் அளவுக்குத்தான் இப்போதைக்குக் கையில் பணம். லென்ஸ் எல்லாம் மறுபடி வாங்க வழியில்லை.

நிக்கானின் மிரர்லெஸ் இசட்50 டூ எடுக்கலாமா, கொஞ்சம் கூடப் போட்டுப் பெரிய சென்சார் இருக்கும் ஃபுல் ஃபிரேம் இசட்5 டூ போகலாமா? அடாப்டரில் 200-500 ஒழுங்காக ஓடுமா? இல்லை, மொத்தமாக விற்றுவிட்டு சோனி, கேனான் பக்கம் போவதுதான் சரியா? இதே வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.


ரேடியல் ரோடு எழுதியது:

சார், நானும் பள்ளிக்கரணைதான், லென்ஸும் அதே 200-500தான். டி7200 வைத்திருந்து இப்போது இசட்50 டூவில் எஃப்டிஇசட் டூ அடாப்டர் போட்டு எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடாப்டர் பயம் வேண்டாம். நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959-இல் வந்தது. அதில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மி.மீ. தூரம் இருக்கும், ஏனென்றால் நடுவில் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். 2018-இல் வந்த இசட் மவுண்ட்டில் கண்ணாடியே இல்லை, அந்தத் தூரம் 16 மி.மீ. தான். மிச்சம் இருக்கும் முப்பது மில்லிமீட்டர் சொச்சத்தை நிரப்பும் வெறும் குழாய்தான் எஃப்டிஇசட். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, ஆகவே படத்தின் தரம் குறைய வழியே இல்லை. 200-500 ஏஎஃப்-எஸ் லென்ஸ், மோட்டார் அதன் உள்ளேயே இருக்கிறது, ஆட்டோஃபோகஸும் விஆரும் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அப்படியே வேலை செய்யும். 18-140-உம் அப்படித்தான். உங்கள் 50 டி மட்டும்தான் மாட்டிக்கொள்ளும். அதற்கு ஃபோகஸ் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும், டி7200-இல் இருக்கிறது, எஃப்டிஇசட்டில் இல்லை. வெளிச்ச மீட்டர் காட்டும், கையால் ஃபோகஸ் செய்யலாம், அவ்வளவுதான்.

இப்போது நிஜமாக மாறுவது எது என்று சொல்கிறேன். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது தனி சென்சார், கண்ணாடிக்குக் கீழே இருக்கும். அதற்குத் தெரிவது அந்த 51 புள்ளிகளின் கீழே இருக்கும் கோடும் வெளிச்ச வித்தியாசமும்தான், பறவை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு புல் இருந்தால் அதற்குப் புல்தான் தெளிவான பொருள். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, முழுப் படத்தையும் ப்ராசஸர் வாசித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் பறவையின் தலை எங்கே, கண் எங்கே என்று தேடிப் போகிறது. சம்புக்குள் நிற்கும் நீலத்தாழைக்கோழி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கண் தெரிகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும், ஃபோகஸ் பெட்டி அங்கே போய் நிற்கும். நீங்கள் ஃபிரேம் அமைப்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே மாறியது சரி என்று தோன்றுகிறது.

ஆனால் எல்லா மிரர்லெஸ்ஸிலும் இது கிடைக்காது, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நிக்கானில் பறவையை அடையாளம் காணும் வசதி 2021-இல் இசட்9-உடன்தான் வந்தது. அதே எக்ஸ்பீட் 7 ப்ராசஸர் உள்ளே இருக்கும் பாடி வேண்டும். இசட்50 டூ, இசட்5 டூ, இசட்6 த்ரீ, இசட்எஃப், இசட்8 எல்லாவற்றிலும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் பழைய இசட்50, இசட்6, இசட்6 டூ கை நிறையக் கிடைக்கும், விலையும் ஆசை காட்டும். மனிதர்களை எடுக்க அவை நல்ல கேமராக்கள். பறவைக்கு வாங்காதீர்கள்.

அடுத்தது இசட்50 டூவா, இசட்5 டூவா. பறவைதான் முக்கியம் என்றால் இசட்50 டூ. டி7200 டிஎக்ஸ், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார், உங்கள் 500 மி.மீ. அதில் 750 மி.மீ. மாதிரி தெரிகிறது. பூநாரைகள் சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும், 750-உம் போதாது. இசட்5 டூ ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். அதில் 500 என்றால் 500தான். டிஎக்ஸ் அளவுக்கு வெட்டினால் கையில் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல். இசட்50 டூவில் அதே இடத்திலிருந்து 20.9 மெகாபிக்சல் கிடைக்கும். வெட்டினாலும் நிறைய மிஞ்சும் ஃபுல் ஃபிரேம் வேண்டும் என்றால் 45 மெகாபிக்சல் இசட்8 வரை போக வேண்டும், அது நீங்கள் சொல்லும் பணத்தில் வராது.

எடை குறையும் என்று மட்டும் நினைத்து மாறாதீர்கள். டி7200 பேட்டரி, கார்டோடு 765 கிராம். இசட்50 டூ 550, அடாப்டர் 125. ஆக நூறு கிராம்கூடக் குறையவில்லை. முன்னால் தொங்கும் 200-500 மட்டும் 2.3 கிலோ. தோள் வலி அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு பழக்கம் மாற வேண்டும். பறவை திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது, லென்ஸ் தூரத்தில் ஃபோகஸ் ஆகி நிற்கிறது என்று வையுங்கள், சில நேரம் மிரர்லெஸ் பின்னணியையே பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். வியூஃபைண்டரில் பறவை வெறும் மங்கலாகத் தெரியும், அதற்குப் பறவை என்றே புரியாது. அப்போது பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதில் பயன் இல்லை. இடது கையால் ஃபோகஸ் வளையத்தை ஒரு திருப்புத் திருப்பிக் கிட்டே கொண்டுவந்தால் உடனே பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் கை தானாகவே செய்யும்.


பழைய ரோல் எழுதியது:

ரேடியல் ரோடு சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் தம்பி, இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். டி500.

2016-இல் வந்தது, 2022-இல் நிக்கான் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. இன்றைக்கும் பறக்கும் பறவைக்கு அதைப்போல ஒரு டிஎக்ஸ் டிஎஸ்எல்ஆர் வேறு யாரும் செய்யவில்லை. 153 ஃபோகஸ் புள்ளிகள், ஃபிரேமின் அகலம் முழுக்கப் பரவியிருக்கும், நொடிக்கு 10 படம், திரை மேலும் கீழும் சாயும். உங்கள் எல்லா லென்ஸும், அந்த 50 டி உட்பட, அடாப்டர் இல்லாமல் அப்படியே மாட்டும். மிரர்லெஸ்ஸுக்கு ஓடுபவர்கள் நல்ல நிலையில் இருக்கும் டி500-ஐ விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஷட்டர் 2 லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, பாதிக்கும் கீழே இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஆலாவைப் பின்தொடர்வது பற்றிச் சொன்னீர்கள். கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்துக்குத் தாமதமே கிடையாது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது சென்சார் படித்து, ப்ராசஸர் அனுப்பி, திரை காட்டும் படம். இப்போதைய பாடிகளில் அந்தத் தாமதம் மிகக் குறைவு என்பது உண்மை, ஆனால் கேமரா தூங்கிப்போயிருந்தால் விழிக்க ஒரு கணம் எடுக்கும், மீன்கொத்தி அதற்குள் பாய்ந்து மீனோடு திரும்பிவிடும். டிஎஸ்எல்ஆரை அணைத்து வைத்திருந்தாலும் கண்ணில் வைத்தால் உலகம் தெரியும். காலையிலிருந்து உச்சிவெயில் வரை ஒரே இடத்தில் கண்ணை எடுக்காமல் காத்திருப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரியையும் யோசியுங்கள். டி7200-க்கு நிக்கான் சொல்லும் கணக்கு ஒரு சார்ஜுக்கு 1,110 படம். 2018-இல் முதல் இசட்6 வந்தபோது அதே கணக்கு முறையில் 310. சின்ன பேட்டரி போடும் இசட்50 வரிசை அதற்கும் கீழே. வேடந்தாங்கலில் ஒரு பகல் முழுக்க இருக்கப் போகிறீர்கள் என்றால் பையில் பேட்டரி அடுக்க வேண்டியிருக்கும்.

சத்தத்துக்கு மட்டும் டி500 பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.


மண்டபத்து ஃபிளாஷ் எழுதியது:

நான் கல்யாணம், வளைகாப்பு, அரங்கேற்றம் எடுப்பவன். கேனான் 5டி மார்க் ஃபோர் டிஎஸ்எல்ஆரிலிருந்து ஆர்6 மார்க் டூ மிரர்லெஸ்ஸுக்கு வந்தேன். பறவை பற்றி எனக்குத் தெரியாது, மேடையும் கூட்டமும் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், கம்பெனி மாறுகிற யோசனையை விட்டுவிடுங்கள். கேனான் ஈஎஃப் மவுண்ட்டில் 1987-இலிருந்தே மோட்டார் எல்லாம் லென்ஸுக்குள்தான், அதனால் எங்களுக்கு அடாப்டரில் எல்லா ஈஎஃப் லென்ஸும் ஃபோகஸ் ஆகிவிடும், உங்கள் 50 டி மாதிரிச் சிக்கல் வராது. ஆனால் அது ஏற்கெனவே கேனான் லென்ஸ் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் லாபம். உங்களிடம் இருக்கும் நல்ல சொத்து 200-500. அதைக் கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து அதே தூரத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கினால் பாடி வாங்கிய பணத்தைவிட அது கூடிவிடும். சோனியில் சிக்மா, டேம்ரான் லென்ஸ்கள் ஏராளம், புதிதாக ஆரம்பிப்பவனுக்கு நல்ல இடம். நீங்கள் புதிதாக ஆரம்பிக்கவில்லையே.

இப்போது சபா விஷயம். சைலன்ட் ஷட்டர் என்றதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறது. இசட்8 மாதிரி ஸ்டாக்டு சென்சார் பாடிகளில் அது மிக வேகம். நீங்கள் கேட்கும் விலையில் வரும் பாடிகளில் அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் இரண்டு தொல்லை. ஒன்று, தீர்மானத்தில் (ஜதியை முடிக்கும் கோர்வையில்) கை வீசி அடவு போடும்போது மேல் வரிசை படித்த நேரத்தில் கை ஒரு இடத்தில், கீழ் வரிசை படிக்கும்போது வேறு இடத்தில், படத்தில் முழங்கை வளைந்து கோணலாக நிற்கும். இரண்டு, மேடை விளக்கு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், மலிவான எல்இடிகள் அதைவிட வேகமாகவும் மினுக்கும். வரிசை வரிசையாகப் படிக்கும்போது ஒரு பட்டை வெளிச்சம், ஒரு பட்டை இருட்டு என்று படம் முழுக்கக் கோடு விழும். பின்னால் எல்இடி சுவர் வைத்த ரிசப்ஷனில் இது தலைவலி. எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சரி செய்யவும் முடியாது.

நான் செய்வது இது. ஜதி ஓடும்போது, மிருதங்கமும் நட்டுவாங்கமும் சேர்ந்து அடிக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டர். கண்ணாடி ஏறி இறங்கும் அடி இல்லாததால் அதன் சத்தமே டிஎஸ்எல்ஆரைவிடக் குறைவு, அந்த வாசிப்பில் யாருக்கும் கேட்காது. பதமோ விருத்தமோ வந்து அபிநயம் ஆரம்பித்தால் சைலன்ட்டுக்கு மாறிவிடுவேன். அப்போது கை மெதுவாகத்தான் நகரும், முகம்தான் பேசும், கோணல் வராது. ஷட்டர் வேகத்தை 1/100-இல் வைத்தால் சாதாரண விளக்குகளின் கோடும் பெரும்பாலும் போய்விடும். இதற்கு ஒரு பட்டனை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் மெனுவுக்குள் தேட முடியாது. அப்புறம், பல சபாக்களில் கச்சேரியோ நாட்டியமோ நடக்கும்போது படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், சத்தம் வராத கேமரா என்பதால் அந்த விதி மாறாது.

மேடையில் இன்னொரு பெரிய உதவி, எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு). பின்னணி கறுப்புத் திரை, நடுவே வெள்ளை ஸ்பாட் லைட்டில் முகம். டிஎஸ்எல்ஆர் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு முகத்தை வெளுக்க வைக்கும். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் முகம் எப்படிப் பதியப்போகிறது என்று எடுக்கும் முன்பே தெரிகிறது, குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபிளாஷ் வைத்து மேனுவலில் எடுக்கும்போது இந்த முன்னோட்டத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மண்டபத்தில் வியூஃபைண்டர் முழுக்க இருட்டாகத் தெரியும். எஸ்பி-700 இசட் பாடிகளில் வேலை செய்யும், டிடிஎல் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே கணிப்பது) வரும். அதிலிருந்து ஃபோகஸுக்கு உதவியாக வரும் சிவப்பு வெளிச்சம் மட்டும் பயன்படாது. விளக்கை அணைத்துவிட்டு டான்ஸ் ஆடும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரோல் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. பேட்டரிக் கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கு விட்டு விட்டு எடுப்பதற்கான சோதனை. தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளினால் அதைவிட நிறையவே வருகிறது. மிரர்லெஸ்ஸில் பேட்டரியைத் தின்பது திரையும் சென்சாரும் விழித்திருக்கும் நேரம், படங்களின் எண்ணிக்கை அவ்வளவாக இல்லை.


வேளச்சேரி வாசி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டிஎக்ஸ் கணக்கைப் பார்த்த பிறகு இசட்5 டூ ஆசை போய்விட்டது. டி500-ஐயும் யோசித்தேன், பறவை மட்டும் எடுப்பவனாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் மேடையும் தேரும் என்னால் விட முடியாது, டி500-இலும் லைவ் வியூ ஃபோகஸ் மெதுவாகத்தான் இருக்கும் என்று படித்தேன்.

மிச்சக் கேள்விகள் சில. 50 டி-க்குப் பதில் மேடைக்கு என்ன வைக்கலாம், அதிக விலை இல்லாமல்? டி7200-ஐ இப்போதே விற்றுவிடவா? நம் ஊர் ஈரப்பதத்துக்கு மிரர்லெஸ் தாங்குமா, சென்சார் திறந்தே கிடக்குமே? வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் திருத்த இன்னும் பழைய லைட்ரூம் 6 மென்பொருள்தான் இருக்கிறது, அது போதுமா?


ரேடியல் ரோடு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். லைட்ரூம் 6-க்கு அப்டேட் 2017-உடன் நின்றுவிட்டது, புதுப் பாடியின் ரா ஃபைல் (கேமரா பதியும் மூலக் கோப்பு) அதில் திறக்காது. அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம், அதில் மாற்றிக்கொண்டு பழையதிலேயே வேலை செய்யலாம். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் இலவசம்தான். மெமரி கார்டும் பாருங்கள், டி7200-இல் போட்ட கார்டு உள்ளே போகும், வேலை செய்யும், ஆனால் நொடிக்கு 11 படம் எடுத்தால் எழுதி முடிக்கத் திணறும். வேகமான யுஎச்எஸ்-டூ கார்டு ஒன்று பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இசட்50 டூவில் ஒரே ஒரு கார்டு இடம்தான், டி7200-இல் இரண்டு இருந்தன, அரங்கேற்றம் மாதிரித் திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு இதை மறக்காதீர்கள்.

மேடைக்கு: சிக்மா 56 எஃப் 1.4, இசட் மவுண்ட்டிலேயே 2023-இல் வந்துவிட்டது, டிஎக்ஸுக்கென்றே செய்த லென்ஸ், முன் வரிசையிலிருந்து ஒரு ஆளை இடுப்பு வரை எடுக்கக் கச்சிதம். விலை குறைவாக வேண்டும் என்றால் நிக்கானின் 40 எஃப் 2 பாருங்கள். ஒரு விஷயம், இசட்50 டூ பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (விஆர் மாதிரி வசதி) கிடையாது, இந்த இரண்டு லென்ஸிலும் கிடையாது. ஆடுபவரை எடுக்கும்போது எப்படியும் ஷட்டர் வேகம் கூடத்தான் வைப்பீர்கள், அதனால் மேடையில் தெரியாது. கோயில் பிராகாரத்தில் இருட்டில் மெதுவான ஷட்டரில் எடுத்தால் தெரியும். 200-500-இல் விஆர் இருப்பதால் அங்கே கவலை இல்லை.

சென்சார் திறந்து கிடப்பது உண்மைதான். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் முன்னால் நிற்கும், இதில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் உங்களைப் பார்க்கும். பட்டினப்பாக்கத்திலோ பழவேற்காட்டிலோ மணல் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டும் என்றால் பாடியின் வாயைக் கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். காசிமேட்டில் மீன் இறங்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கும், அங்கே போனால் வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை பாடியை வெளியே துடையுங்கள், அடாப்டர் சேரும் வளையத்தையும் சேர்த்து. பூஞ்சைக்கு மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் என்ற பேதம் கிடையாது, அது பிடிப்பது லென்ஸை. டிரை கேபினெட் இருந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள், இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் காய வைத்துப் போடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். நவம்பர், டிசம்பர் காலையில் ரேடியல் ரோட்டில் இறங்கி உடனே எடுத்தவர்களின் லென்ஸ் பனி பிடித்து நிற்பதை நிறையப் பார்க்கிறேன்.

டி7200-ஐ விற்க வேண்டாம் என்பேன். இப்போது அதற்குக் கிடைக்கும் தொகை உங்கள் வாழ்க்கையை மாற்றாது, ஆனால் அது இருந்தால் 50 டி-யும் இருக்கும், விசேஷத்தில் இரண்டாவது பாடியாக 18-140-ஐ மாட்டி வைத்துக்கொள்ளலாம், அடாப்டரைக் கழற்றி மாட்ட வேண்டாம். பேட்டரி மட்டும் பொதுவாக வராது. டி7200-க்கு இஎன்-இஎல்15, இசட்50 டூவுக்கு இஎன்-இஎல்25ஏ. ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குங்கள், யுஎஸ்பி-சி வழியாக பவர் பேங்க்கிலும் சார்ஜ் ஆகும், காரில் போகும்போது போட்டுவிடலாம்.

வாங்கும் இடத்தில் இந்தியா வாரண்டியோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால், சர்வீஸுக்குப் போகும் அன்று அந்தக் குறைவு எல்லாம் போய்விடும். கடைக்குப் போகும்போது உங்கள் 200-500-ஐயே எடுத்துக்கொண்டு போய் அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். உள்ளே ஷோகேஸைப் பார்த்துச் சோதிக்காமல், வாசலுக்கு வந்து எதிர் மாடியில் உட்காரும் காக்கை, புறாவை எடுத்துப் பாருங்கள். கண்ணில் பெட்டி வருகிறதா, பறக்கும்போது விடாமல் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சொந்தக் கார்டில் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் பணம் கட்டுங்கள்.


பழைய ரோல் எழுதியது:

காக்கை யோசனை நல்லது. தம்பி, எந்த பாடி வாங்கினாலும் பள்ளிக்கரணையில் பத்து மணிக்கு மேல் தூரப் பூநாரை கூர்மையாக வராது. தார் ரோட்டுச் சூடும் தண்ணீர் மேல் எழும்பும் காற்றும் சேர்ந்து கானல் ஆடும், கண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபோகஸும் அந்த ஆட்டத்தைத்தான் பிடிக்கும். புது கேமராவின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மதியம் எடுத்துவிட்டு அடாப்டர் சரியில்லை என்று இங்கே வந்து எழுதாதீர்கள், ஆறு மணிக்கு முன்னால் போய் நில்லுங்கள்.


வேளச்சேரி வாசி எழுதியது:

சரி சார், அப்படியே செய்கிறேன். டி7200 வீட்டிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை லென்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன், இசட்50 டூ பாடி மட்டும், எஃப்டிஇசட் டூ, ஒரு கூடுதல் பேட்டரி, ஒரு கார்டு. 56 எஃப் 1.4-ஐ மார்கழிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்து ஃபிளாஷ் சார், சைலன்ட்டுக்கும் மெக்கானிக்கலுக்கும் எந்தப் பட்டனை ஒதுக்கினால் கைக்கு வசதி என்று நிக்கான் வைத்திருப்பவர்களைக் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.


ரேடியல் ரோடு எழுதியது:

லென்ஸ் பக்கம் விரல் படும் இடத்தில் எஃப்என்1, எஃப்என்2 என்று இரண்டு பட்டன் இருக்கும். சைலன்ட் மோடை ஐ மெனுவில் (i பட்டனை அழுத்தினால் வரும் சின்ன மெனு) முதல் கட்டத்தில் வையுங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது. எஃப்என் பட்டன் ஒன்றைப் பறவை, மனிதர் என்று சப்ஜெக்ட் மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பறவை மோடிலேயே விட்டுவிட்டு மேடைக்குப் போனால் முகத்தைத் தேடுவதில் தடுமாறும்.